மழை விடுமுறையில் ஒரு சோதனைக்குழாய்

மன்னார்குடி, கல்லூரி ஆய்வகம்,
ஐப்பசிச் செவ்வாய்க்கிழமை.
நீர்த்தொட்டியில் வெப்பமானி ஐம்பதைத் தொட்டு நின்றது.
மூன்று குழாய்களிலும் எத்தனால்,
ஒன்றில் குளோரோ, ஒன்றில் புரோமோ, ஒன்றில் அயோடோ.
முன்பெயர் மட்டும் மாறிய அதே பியூட்டேன்.

ஹபீபா குளோரின்மேல் பந்தயம் கட்டினாள்.
"அதுதான் எலக்ட்ரானை அடித்துப்பிடித்து இழுக்கும்,
அதன் கார்பன்தான் பசித்திருக்கும்,
தண்ணீர் முதலில் அங்கேதான் போகும்."
கேட்க நியாயமாய்த்தான் இருந்தது.
நான் எதிர்ப்பக்கம் நின்றது அறிவினால் அல்ல,
கேன்டீன் சமோசாவுக்காக.

வெள்ளி நைட்ரேட்டைச் சொட்டினோம்.
அயோடோ உடனே கலங்கியது,
பூவரசம்பூ முதல்நாள் காட்டும் மஞ்சளில்.
புரோமோ நாலு நிமிடம் யோசித்து
ஆடை படிந்த பாலின் நிறத்துக்கு வந்தது.
குளோரோ சும்மா இருந்தது.

இழுப்பது வேறு, விடாமல் பிடித்திருப்பது வேறு.
குளோரின் குட்டை. கார்பனோடு ஒட்டிக் கிடக்கிறது.
அயோடினுக்குப் பெருத்த உடம்பு, எட்டிப் பிடித்த நீளக் கை.
நீர் வந்தால் போதும், விட்டுவிடும்.

அந்த நீர் முன்வாசலால் வராது.
முதுகுப்பக்கம் அது நெருங்க நெருங்க
முகப்பக்கம் அயோடின் விலக,
நடுவில் கார்பனின் மற்ற மூன்று கைகளும்
மறுபுறம் மடியும்.
பாமணியாற்றுப் பாலத்தில் அன்று காலை
ஹபீபாவின் குடைக்கு ஆனதும் அதுதான்.
கம்பி ஒன்றும் முறியவில்லை.
கவிந்தது நிமிர்ந்துபோய்
மழையை ஏந்திக்கொண்டு நின்றாள்.

நான்காவதாய் ஒரு குழாய் தந்தார்கள்.
மூன்று மெத்தில் சூழ்ந்து நிற்கும் கார்பன், கூடவே புரோமின்.
முதுகுப்பக்கம் நீர் நுழைய இடமே இல்லை,
எல்லாவற்றிலும் மெதுவானது இதுவே என்று
முன்கூட்டியே எழுதி வைத்தேன்.
கடிகாரத்தை அழுத்துமுன் கலங்கிவிட்டது.

அங்கே புரோமின் யார் வரவையும் பார்ப்பதில்லை.
தானே கழன்று போகிறது.
நேர்மின்னோடு தட்டையாய் விரிந்து நிற்கும் கார்பனுக்கு
எந்தப் பக்கத்து நீரானாலும் சம்மதம்.
முறிவதுதான் தாமதம், சேர நேரமே ஆவதில்லை.
"பத்து மதகைத் திற,
ஒன்று பாதி மூடிக் கிடந்தால்
வயலுக்கு வருவது அந்த ஒன்றின் கணக்குதான்"
என்றான் பக்கத்து மேசை இளங்கீரன்.
அவன் அப்பா ஆற்று ஷட்டரில் லஸ்கர்.

மூன்றரைக்கு மின்சாரம் போனது.
தொட்டி ஆறியது.
ஐம்பது, நாற்பத்திரண்டு, முப்பத்தைந்து.
குளோரோ கண்ணாடிபோல் இருந்தது.
பேருந்தைப் பிடிக்கும் அவசரத்தில் எல்லோரும்
போன வருஷத்து ரெக்கார்டைப் பார்த்து
இருபத்தெட்டு நிமிடம் என்று எழுதினார்கள்.
பதினேழு கையெழுத்தில் ஒரே எண்.
நான் கட்டத்தைக் காலியாய் விட்டு
குழாயை ஜன்னலோரத் தாங்கியில் நிறுத்தினேன்.

இரவு கலெக்டர் விடுமுறை அறிவித்தார்.
புதன். பிறகு வியாழன். பிறகு வெள்ளி.
தெருவில் முழங்கால் தண்ணீர்.
நட்டு இருபது நாளான சம்பா
தலை காட்டுகிறதா என்று
வரப்பு தெரியாத வெள்ளத்தைப் பார்த்தபடி அண்ணன்.
எனக்கு, சொன்னால் அடிப்பான், அந்தக் குழாய் ஞாபகம்.

ஈடுசெய்ய வைத்த சனிக்கிழமை கதவைத் திறந்தபோது
கலங்கல் அடங்கி
அடியில் வீழ்படிவு உட்கார்ந்திருந்தது.
மழை மேகத்துக்குள்ளும் வெளிச்சம் இருந்திருக்கிறது:
ஜன்னல் பக்கம் கத்தரிப்பூ நிறம்,
சுவர்ப் பக்கம் இன்னும் வெள்ளை.

எப்போது தொடங்கியது?
நான் படியிறங்கிய பத்தாம் நிமிடமா,
நள்ளிரவில் தவளைகள் கத்தியபோதா?
வேகம் என்பது மாற்றத்தை நேரத்தால் வகுப்பது.
மாற்றம் கையில் இருந்தது.
வகுக்க வேண்டியதை மழை கொண்டுபோய்விட்டது.

கட்டத்தில் எழுதினேன்:
"நான்கு நாளுக்குள். வெப்பம் அளக்கவில்லை. யாரும் இல்லை."
சிவப்பு மையில் ஒரு கேள்விக்குறி விழுந்தது,
அரை மதிப்பெண் போயிற்று.

ஹபீபா சமோசா வாங்கித் தந்தாள், ஆறிப்போனதை.
பாதியைப் பிய்த்து அவளே தின்றாள்.